குறுக்கா, நெடுக்கா?

போன வாரம் காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கூட்டத்தில் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. அன்றைக்கு அவர் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன். அவர் மகளுக்கு இது ஏழாம் மாதம். முதல் பிள்ளை சிசேரியன். இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற்றுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

"ஒரு தடவை வயித்தைக் கிழிச்சாச்சுன்னா அடுத்ததும் அப்படித்தானே வே? இது என்ன புதுப் பழக்கம்?" என்றார்.

டீ ஆறுகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. "எழுதி அனுப்புதேன், படிச்சுப் பாரும்" என்றேன். பேறுகால விஷயத்தை ஓர் ஆண்பிள்ளை, அதுவும் முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்தில் பிரேக்கரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கட்டிக்கொண்டு அழுதவன் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். எழுதக் காரணம் இருக்கிறது. மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்கப்பா" என்றாள். போடவில்லை.

என் மகளுக்கு முதல் குழந்தை 2016 ஜனவரியில் பிறந்தான். முறைப்படி தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. குழந்தை தலை கீழே திரும்பாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்ததால் ஆபரேஷன் செய்தார்கள். பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வந்தான். ஆனால் மகள் எழுந்து நடமாடப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் குனிந்து தூக்க ஒரு மாதம் ஆனது.

இரண்டாவது உண்டானது 2018 பிப்ரவரியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் மகளும் வந்திருந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, இந்தத் தடவை நார்மலுக்கு முயற்சி பண்ணலாம்னு இருக்கேன். டாக்டரும் பாக்கலாம்னு சொல்லுதாங்க."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் மனைவிதான் பின்னாலேயே வந்தாள். "அக்கா ஞாபகமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அக்காவைப் பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை.

எங்களுடையது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். 1967இல் அவளுக்கு முதல் பேறுகாலம். மருத்துவச்சி இரண்டு ராத்திரி பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டாள். மாட்டு வண்டியில் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து, ஜில்லா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண்பிள்ளை. அவன்தான் என் மருமகன். தம்பி மாதிரி என்னோடு வளர்ந்தவன். இன்றைக்கு அவனே பேரன் எடுத்துவிட்டான்.

1969இல் அக்கா இரண்டாவதுக்கும் எங்கள் வீட்டுக்கே வந்தாள். நாள் கணக்கு ஆகும் முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று முதல் தடவையே சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அது எங்கள் அம்மைக்குத் தெரியும். ஆனால் ஐப்பசி மாதம், அடைமழை, வீட்டில் காசு இல்லை. "ரெண்டாவது லேசா வந்துரும்" என்று பெரியம்மை சொன்னாள். ஒரு ராத்திரி வலி எடுத்தது. நல்ல வலி, விடிவதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று மருத்துவச்சி சொன்னாள். எனக்குப் பன்னிரண்டு வயது. திண்ணையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அக்காவின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு பெரிய சத்தம். அதோடு நின்றுவிட்டது.

வலி நின்றுவிட்டது என்று பெரியம்மை வெளியே வந்து சொன்னாள். "புள்ள செத்த அசந்து கெடக்கட்டும்" என்றாள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். கொஞ்ச நேரம் கழித்து அக்காவுக்கு மேலெல்லாம் வேர்த்து, கை கால் சில்லிட்ட பிறகுதான் பதறினார்கள். ஜின்னிங் பாக்டரி முதலாளி வீட்டில் பிளஷர் கார் உண்டு. இரண்டு மைல். ஓடு என்றார்கள். ஓடினேன்.

போய்ச் சேர்ந்தேன். ஆனால் அந்த வீட்டு வாசலில் இரண்டு ராஜபாளையம் நாய்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று குரைத்தன. எனக்குக் கேட்டைத் திறக்கப் பயம். வெளியில் நின்று கத்தினேன், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வாட்ச்மேன் வந்தான், முதலாளி எழுந்தார், கார் கிளம்பியது. நாங்கள் வீட்டுக்கு வந்தபோது பெண்கள் தலையை விரித்துப் போட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

நாய்க்குப் பயந்து நின்ற விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதலாளி எழுந்திருக்க நேரமாகிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். கட்டின மனைவியிடம்கூடச் சொன்னது கிடையாது.

இப்போது புரியும், மகள் கேட்டதும் நான் ஏன் எழுந்து போனேன் என்று.

மகள் விடவில்லை. "நீங்க வேண்டாம்னா வேண்டாம். ஆனா ஒரு தடவை டாக்டர்கிட்ட வந்து உங்க வாயால கேளுங்க" என்றாள். திருநெல்வேலியில் அந்த டாக்டர் அம்மாவைப் பார்க்கப் போனோம். மகள், மாப்பிள்ளை, என் மனைவி, நான். ஐம்பது வயது இருக்கும். அவசரப்படாமல் பேசுகிறவர். நான் வீட்டிலேயே கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். சப்ஸ்டேஷன் புத்தி.

முதல் கேள்வி: "ஒரு தடவை ஆபரேஷன்னா எப்பவும் ஆபரேஷன்னுதானே சொல்லுவாங்க?"

சிரித்தார். அந்த வாக்கியத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்றார். 1916இல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற டாக்டர் சொன்னது. முதல் ஆபரேஷனைச் சும்மா சும்மா செய்துவிடாதீர்கள், பின்னால் அது தொடரும் என்று மற்ற டாக்டர்களை எச்சரிப்பதற்காகச் சொன்னாராம். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக, நெடுக்காக வெட்டுவார்கள். பிரசவ வலியில் சுருங்கி விரிகிற தடித்த தசை அங்கேதான் இருக்கிறது. அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியைத் தாங்குவது கடினம். பிறகு 1920களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் மன்ரோ கெர் போன்றவர்கள், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுகிற முறையைப் பரப்பினார்கள். அந்த இடம் மெல்லியது, வலியின்போது அதிகம் சுருங்காதது. தையலும் நன்றாகக் கூடும். இன்றைக்குப் பெரும்பாலும் செய்வது அதுதான்.

"அதனால நான் முதல்ல கேக்கிற கேள்வி, உள்ளே வெட்டு குறுக்கா நெடுக்காங்கிறதுதான்" என்றார்.

"தழும்பு குறுக்கதான் டாக்டர் இருக்கு" என்றாள் என் மனைவி.

"அம்மா, அது மேல்தோல். தோல்ல குறுக்க இருந்தா உள்ளேயும் குறுக்கதான் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. எனக்கு ஆபரேஷன் பண்ணினவங்க எழுதின குறிப்பு வேணும்."

டிஸ்சார்ஜ் காகிதத்தில் எல்.எஸ்.சி.எஸ். என்று நாலெழுத்து இருந்தது. கீழ்ப்பகுதியில் வெட்டியது என்று அதற்குப் பொருளாம். நல்லதுதான், ஆனால் போதாது என்றார். உட்கார்ந்த வாக்கில் இருக்கும் குழந்தையை எடுக்கும்போது, தலை வெளியே வர இடம் போதாமல் சில சமயம் குறுக்கு வெட்டை மேல்நோக்கியும் நீட்ட வேண்டியிருக்கும். அப்படி நீட்டியிருந்தால் முயற்சியே வேண்டாம் என்றார். அது விவரமான ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும்.

இரண்டாவது கேள்வி: எத்தனை பேருக்கு நல்லபடியாக முடிகிறது?

முன்பு ஒரு சிசேரியன் மட்டும் ஆகி, சரியாகத் தேர்ந்தெடுத்து முயற்சி செய்கிறவர்களில் 4 பேரில் 3 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவமும் ஆகியிருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். முதல் ஆபரேஷனுக்கு என்ன காரணம் என்பதும் முக்கியம். இடுப்பு போதவில்லை, வலி எடுத்தும் இறங்கவில்லை என்ற காரணங்களைவிட, குழந்தை தலைகீழாகத் திரும்பாதது என்ற காரணம் நல்லது. அது அந்தப் பிள்ளையோடு போயிற்று. இந்தப் பிள்ளை திரும்பினால் தடையில்லை. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். மகளுக்கு இரண்டே முக்கால் வருஷம் வருகிறது, அதுவும் சரி என்றார்.

மூன்றாவது கேள்வியைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மகளே கேட்டாள்: "தையல் விட்டுப்போனா?"

"நான் மறைக்க மாட்டேன். 200 பேர்ல ஒருத்தருக்கு உள்தழும்பு பிரியலாம். அப்படிப் பிரிஞ்சா நிமிஷக் கணக்குதான். குழந்தைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து. அதனாலதான் இதை வீட்டுலயோ சின்ன கிளினிக்லயோ பண்ணக்கூடாதுங்கிறோம். ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூணும் தயாரா இருக்கிற இடத்துல மட்டும்தான் பண்ணணும்."

என்ன அறிகுறி என்று கேட்டேன். பெரும்பாலும் முதலில் குழந்தையின் இதயத் துடிப்பு மாறும், அதற்காகத்தான் வயிற்றில் பெல்ட் கட்டி விடாமல் கவனிக்கிறோம் என்றார். வலி விட்ட நேரத்திலும் தழும்புப் பக்கம் வலி நிற்காமல் இருக்கலாம். ரத்தம் போகலாம். தாயின் நாடி வேகமாகும், மேல் சில்லிடும்.

"சில பேருக்கு, நல்லா வந்துட்டிருந்த வலி திடீர்னு நின்னு போகும்" என்றார்.

என் கையில் இருந்த பேனா கீழே விழுந்துவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்தார். என்ன சார் என்றார். அந்த அறையில், மாப்பிள்ளை இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், அக்காவின் கதையைச் சொன்னேன். வலி நின்றதும் எல்லோரும் நிம்மதியானதைச் சொன்னேன். நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளியே நின்றதையும் சொன்னேன். நாற்பத்தொன்பது வருஷம் கழித்து முதல் தடவையாக வாயைத் திறந்தேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "உங்க ஊர்ல இருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"அந்தக் கால ரோட்டுல ரெண்டு மணி நேரம் ஆகும்."

"நான் அந்த அம்மாவைப் பாக்கலை, அதனால உறுதியா எதையும் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா, வலி நின்ன நிமிஷத்துலயே எல்லாம் நடந்திருக்கும். கார் வாசல்லயே நின்னிருந்தாலும் ரெண்டு மணி நேரம் தாங்கியிருக்காது. நீங்க நின்ன நேரத்துல ஒண்ணும் இல்லை சார். வலி வர்றதுக்கு முன்னாலயே அவங்க ஆஸ்பத்திரிப் பக்கத்துல இருந்திருக்கணும். அது பன்னிரண்டு வயசுப் பையன் கையில இல்லையே."

வெளியே வந்து வெகுநேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மகள் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க சொன்னா வேண்டாம்ப்பா" என்றாள் மறுபடியும். "முதல்ல அந்தக் காகிதத்தை வாங்குவோம், பொறு" என்றேன்.

முதல் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை, டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்துவிட்டோமே என்றார்கள். இரண்டாம் தடவை, ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருப்பவர் லீவு. மூன்றாம் தடவை மகளின் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தோடு போய், பென்ஷன் ஆபீசில் கற்ற பொறுமையோடு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பையன் தூசி தட்டிக்கொண்டு ஃபைலோடு வந்தான். கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, வெட்டை எங்கும் நீட்டவில்லை, இரண்டடுக்காகத் தையல் என்று ஆங்கிலத்தில் கிறுக்கலாக எழுதியிருந்தது. மூன்று வரிதான். நகல் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன்.

அக்காவுக்கு இப்படி மூன்று வரி எங்கேயாவது இருந்ததா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த எதிர்ப்பு சம்பந்தி வீட்டில் இருந்து வந்தது. சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. ஜோசியர் வீட்டுக்குப் போய், இன்ன தேதி, ரோகிணி நட்சத்திரம், காலை ஒன்பதில் இருந்து பத்தரைக்குள் எடுத்துவிட்டால் பிள்ளை ராஜயோகத்தோடு இருக்கும் என்று எழுதி வாங்கி வந்துவிட்டார். நம் ஊரில் இது ஒன்றும் புதுசில்லை, உங்களுக்கே தெரியும். தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்குப்படி தமிழ்நாட்டில் 2015–16இல் 100 பிரசவத்தில் 34 சிசேரியன், 2019–21இல் அது 45 ஆகிவிட்டது. எல்லாம் ஜோசியர் கணக்கு என்று சொல்லவில்லை. தேவைப்பட்டுச் செய்தவை எத்தனையோ. என் பேரனே அப்படிப் பிறந்தவன்தான்.

என் மனைவிதான் சம்பந்தியம்மாவிடம் பேசினாள். அதுவரை அவள் இந்த விஷயத்தில் எதுவும் சொன்னதில்லை. "எனக்கு ரெண்டும் ஆபரேஷன் மதினி. 88ல ஒண்ணு, 91ல ஒண்ணு. ரெண்டாவதுக்கு என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. தேதியை இவுககிட்ட சொன்னாங்க, இவுக எங்கிட்ட சொன்னாக. அவ்வளவுதான். இவளாவது கேட்டுத் தெரிஞ்சுக்கிடட்டுமே" என்றாள்.

அது உண்மை. அந்தத் தேதியை நான்தான் வந்து சொன்னேன். அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரும் சம்பந்தியம்மாவை உட்கார வைத்துப் பேசினார். ஆபரேஷன் என்றாலும் ஆபத்தே இல்லாதது அல்ல. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் போய் ஒட்டிக்கொள்கிற ஆபத்து கூடுகிறது என்றார். இந்தத் தடவை நஞ்சுக்கொடி மேலேதான் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துச் சொன்னார். ஜோசியர் தேதியையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. "நாள் தாண்டியும் வலி வரலைன்னா ஆபரேஷன்தான். அந்த வாரத்துல உங்க தேதி வந்தா வச்சுக்கலாம்" என்றார். சம்பந்தியம்மாவுக்கு அதில் பாதித் திருப்தி.

அதற்குப் பிறகு திட்டம் போட்டோம். நான் நோட்டில் எழுதிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, 37 வாரம் ஆனதும் கோவில்பட்டியில் இருக்கக்கூடாது. ஒரு மணி நேரப் பயணம் ஆகாது. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு ஒரு வீடு பிடித்தோம். பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். பகலில் பதினாலு நிமிஷம், ராத்திரி ஒன்பது நிமிஷம்.

இரண்டாவது, வலி தானாக வர வேண்டும். மருந்து வைத்து வலியை வரவழைத்தால் தழும்பு பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடுமாம். தேதி தாண்டினால் வற்புறுத்த மாட்டேன், தியேட்டருக்குப் போய்விடுவேன் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

மூன்றாவது, ரத்தம். மகள் வகை ரத்தம் கொடுக்க மாப்பிள்ளையின் நண்பர்கள் மூன்று பேர் போன் நம்பரோடு தயார். ரத்த வங்கியிலும் சொல்லி வைத்தாயிற்று.

நாலாவது, வலி எடுத்ததும் உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் நடந்து பார்ப்பது, சுக்குக் கஷாயம் குடித்துப் பார்ப்பது எதுவும் கிடையாது.

ஐந்தாவதுதான் முக்கியம். நடுவில் எப்போது டாக்டர் "போதும், ஆபரேஷன்" என்றாலும், ஏன் என்று ஒருவரும் வாதாடக்கூடாது. மகளும் மனசை விடக்கூடாது. இதை எழுதி வீட்டில் எல்லோரிடமும் படித்துக் காட்டினேன். சம்பந்தியம்மா உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள் சப்ஸ்டேஷனில் ஒரு ஃபீடர் டிரிப் ஆனால் சப்ளை கொடுக்க இன்னொரு வழி தயாராக இருக்கும். வருஷக்கணக்கில் அது தேவைப்படாமலே போகலாம். ஆனால் அது இருக்கிறது என்பதால்தான் முதல் லைனில் நிம்மதியாக வேலை பார்ப்போம். டாக்டர் பேசியது எனக்கு அப்படித்தான் புரிந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

நவம்பர் மாதம், 39 வாரம் முடிகிற சமயம். ராத்திரி ஒன்று பத்துக்கு மகள் என் கதவைத் தட்டினாள். மழை. ஒன்பது நிமிஷத்தில் போகிற இடத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. உடனே சேர்த்துக்கொண்டார்கள். கையில் ஊசி ஏற்றித் தயாராக வைத்தார்கள், வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். துணைக்கு ஒரு பெண்ணை அனுமதித்தார்கள். என் மனைவி போனாள்.

நானும் மாப்பிள்ளையும் வெளியே. எதிரே முப்பதடி தூரத்தில் தியேட்டர் கதவு. அதைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நைட் ஷிப்ட் பார்த்தவனுக்கு லாக் புக் எழுதாமல் உட்கார முடியாது. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. "02.30: மயக்க டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். 04.00: துடிப்பு சரி என்று நர்ஸ் சொன்னார். 05.15: மழை விட்டது. 06.40: பாதி திறந்திருக்கிறது." இப்படிப் போகிறது.

கதவுக்கு அப்பால் மகள் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஒவ்வொரு தடவை சத்தம் நிற்கும்போதும் எனக்கு மூச்சு நின்றது. அடுத்த சத்தம் வருகிற வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டு மணி வாக்கில் ஒரு தடவை நீண்ட நேரம் சத்தமே இல்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டிவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தார். "என்ன தாத்தா?" "சத்தம் நின்னுட்டுதேம்மா!" அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. டாக்டர் சொல்லி வைத்திருந்தாரோ என்னவோ. கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தார். உள்ளேயிருந்து அந்த மெஷின் சத்தம் டக் டக் என்று குதிரை ஓடுகிற மாதிரி கேட்டது. "இது உங்க பேரப்பிள்ளை. நல்லா ஓடுது. போய் உக்காருங்க" என்றார்.

காலை 10.40க்குப் பெண்குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். தியேட்டர் கதவு அன்றைக்கு எங்களுக்காகத் திறக்கவே இல்லை. நோட்டில் நேரத்தை எழுதினேன், கையெழுத்துக் கோணலாக இருக்கிறது. சாயங்காலம் மகள் தானே எழுந்து நடந்து போய்ப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். ரோகிணிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. சம்பந்தியம்மா பிள்ளையை மடியில் வாங்கியதும் நட்சத்திரத்தை மறந்துவிட்டார்.

எல்லோருக்கும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. நாலில் ஒருவருக்கு முயற்சி செய்தும் ஆபரேஷன்தான் ஆகிறது. என் மகள் அந்த நாலாவது ஆளாக இருந்திருக்கலாம். அப்படி ஆகியிருந்தாலும் இதே கட்டுரையைத்தான் எழுதியிருப்பேன். முப்பதடி தூரத்தில் அந்தக் கதவு இருந்ததே, அது போதும். நெடுக்கு வெட்டு ஆனவர்கள், கர்ப்பப்பை ஏற்கெனவே ஒரு தடவை பிரிந்தவர்கள், நஞ்சுக்கொடி வாயை அடைத்து இருப்பவர்கள் முயற்சியே செய்யக்கூடாது. முயற்சி வேண்டாம், நேரே ஆபரேஷன் என்று ஒரு பெண் கேட்டறிந்து தீர்மானித்தால் அதுவும் சரிதான். அதை அவளிடம் கேட்டுச் செய்ய வேண்டும், என்னைப்போல் தேதியைக் கொண்டுவந்து சொல்லக்கூடாது.

நண்பருக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். மகளின் ஆபரேஷன் குறிப்பை இன்றைக்கே போய் வாங்கும். பிறகு, தியேட்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் ராத்திரியிலும் உள்ள ஆஸ்பத்திரியா என்று நேரில் போய்க் கேளும். மீதியை டாக்டரும் உம்ம மகளும் பார்த்துக்கொள்வார்கள்.

குழந்தை பிறந்த பதினாறாம் நாள் என் மருமகன், அக்கா மகன், பார்க்க வந்தான். தொட்டிலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வலி நின்றதையும், நாயையும், டாக்டர் சொன்னதையும் சொன்னேன். தலை நரைத்த மனுஷன். கேட்டுவிட்டுத் தொட்டில் கயிற்றை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அப்போ என்னை எடுத்தப்ப வெட்டினது குறுக்கயா நெடுக்கயா மாமா?" என்றான்.

தெரியாது என்றேன். காகிதம் இல்லை.